பின்னால் வரும் வண்டி உங்கள் பொறுப்பு: ஸ்போர்ட்ஸ் கார் நண்பர்களோடு முதல் வார இறுதிப் பயணம்

உழவில் "முன் ஏர் போன வழியே பின் ஏர்" என்பார்கள். பத்து ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலைப்பாதையில் ஏறும்போது இந்தப் பழமொழியை நம்பிவிடக் கூடாது. முன்னால் போனவர் லாரியைத் தாண்டிவிட்டார், நானும் தாண்டலாம். அவர் அந்த வளைவில் பிரேக் போடவில்லை, எனக்கும் தேவைப்படாது. கூட்டுப் பயணங்களில் நான் நெஞ்சு பதறி நின்ற நேரங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இந்த எண்ணம்தான். வண்டி பழுதானதால் வந்த பதற்றம் மிகக் குறைவு.

ஒத்த ரசனை உள்ளவர்களோடு இரண்டு நாள் வண்டி ஓட்டுவது தனி மகிழ்ச்சி. சத்தத்தைக் கேட்டே இது எத்தனை சிலிண்டர் என்று சொல்லிவிடும் ஆட்கள், ஒரு கியர் மாற்றத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசக்கூடிய ஆட்கள் வேறெங்கே கிடைப்பார்கள்? முதல் முறை போகிறவர் அந்த மகிழ்ச்சியை அவசரத்திலும் பயத்திலும் தொலைத்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். சொல்வதெல்லாம் பொதுச் சாலைக்கு. பந்தயத் தடத்தில் ஓட்டுவது முற்றிலும் வேறு பாடம்.

முதலில் குழுவைப் பாருங்கள்

பாதை எது, எந்தெந்தக் கார்கள் வருகின்றன என்று கேட்பதற்கு முன்னால் ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வரிசையின் கடைசியில் யார் வருகிறார்? ஒருவர் பின்தங்கினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? மொத்தம் எத்தனை வண்டி, எத்தனை குழுவாகப் பிரிக்கிறீர்கள்?

கடைசியில் வருபவர் யார் என்பதற்கு உடனே ஒரு பெயர் வந்தால் அது நல்ல குழு. அனுபவம் மிகுந்தவரைத்தான் அங்கே நிறுத்துவார்கள். "யாராவது வருவார்கள்" என்று பதில் வந்தால் யோசியுங்கள். பன்னிரண்டு பதினைந்து வண்டிகளை ஒரே வரிசையாக விடுகிற குழுவிலும் முதல் பயணம் வேண்டாம். நான்கு அல்லது ஐந்து வண்டி கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் அனுப்புவதுதான் எல்லோருக்கும் நல்லது. சாலையில் போகும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பதினைந்து கார்களின் பின்னால் மாட்டிக்கொண்ட ஒருவர் எப்படித் தாண்டிப் போவார்?

நேரம் கணக்கிடுவது, யார் முதலில் வருகிறார் என்று பார்ப்பது போன்ற பேச்சு ஏற்பாட்டில் எங்கேனும் தென்பட்டால் விலகிவிடுங்கள். பொதுச் சாலையில் அது தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றில் நேர்ந்த சேதத்துக்குப் பணம் தர மாட்டோம் என்று பல காப்பீட்டு ஒப்பந்தங்களில் வெளிப்படையாகவே எழுதியிருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

"என் வண்டிக்கு அவ்வளவு சக்தி இல்லையே" என்று தயங்க வேண்டாம். 1989இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டியின் எஞ்சின் ஏறத்தாழ 115 குதிரைத்திறன்தான். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. வளைவு நிறைந்த சாலையில் அதை ஓட்டுபவர் முகத்தைப் பாருங்கள், சக்தி பற்றிய கவலை போய்விடும்.

இரண்டு வாரம் முன்பு: வண்டி

இரண்டு வாரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கோளாறு தெரிந்தால் பாகம் வரவழைத்து மாட்டி, நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்க நேரம் வேண்டும். புறப்படுவதற்கு முந்தின நாள் புது பிரேக் பேட் மாட்டிக்கொண்டு மலைக்கு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். புதுப் பேட் பிரேக் வட்டோடு பழகிச் சேர்வதற்குச் சில நாள் நிதானமான ஓட்டம் தேவை.

டயரிலிருந்து தொடங்குங்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் பல ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடும். அதனால் மேல்தடம் புதிது போலவே இருக்கும், ரப்பரோ வயதாகி இறுகியிருக்கும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். நான்கு டயரிலும் பாருங்கள், சில வேளை ஒன்று மட்டும் பழையதாக இருக்கும். பல நாடுகளில் மேல்தடத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் சட்டப்படி போதும். ஆனால் அகலமான டயர் அந்த ஆழத்தில் மழைநீரின் மேல் மிதக்கத் தொடங்கிவிடும். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் நான் மாற்றிவிடுவேன். உட்புற விளிம்பையும் கையால் தடவிப் பாருங்கள். சக்கரம் சற்று உள்சாய்வாகப் பொருத்தப்பட்ட கார்களில் தேய்மானம் அங்கேதான் முதலில் வரும், நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது.

காற்றழுத்தத்தைக் காலையில் வண்டி நகர்வதற்கு முன்பே பாருங்கள். டயரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். அதனால் ஓடிவந்த டயரில் அளவு கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். மறுநாள் குளிர்ந்த காலையில் அது அளவுக்குக் கீழே நிற்கும்.

அடுத்தது பிரேக். பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள், பிரேக் எண்ணெயைத்தான் மறப்பார்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் இந்த எல்லை 155 டிகிரிவரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் எண்ணெய் கொதித்துக் குமிழி வந்தால் மிதிகட்டை பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டாக மாற்றவில்லை என்றால் இந்தப் பயணத்தைச் சாக்காக வைத்து மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் ஆயிலைப் பார்க்கும் முறையும் வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலான கார்களில் எஞ்சினை அணைத்து, சமதளத்தில் சில நிமிடம் விட்டுப் பார்ப்போம். எண்ணெய்த் தொட்டி தனியாக இருக்கும் கார்களில், காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட பழைய போர்ஷா 911 போன்றவற்றில், எஞ்சின் நன்றாகச் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பார்த்துக் குறைவாக இருக்கிறதே என்று ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 போன்ற சுழல் எஞ்சின் கார்கள், உராய்வைக் குறைப்பதற்காக எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக்கொண்டே போகும்படி வடிவமைக்கப்பட்டவை. எந்த வண்டியாக இருந்தாலும் அதற்குரிய வகை எண்ணெயில் ஒரு லிட்டர் கையோடு கொண்டுபோங்கள். வழியில் சரியான வகை கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.

அப்புறம் இரண்டு சின்ன விஷயங்கள். இந்த இரண்டும் நடுவழியில் பெரிய ஆட்களையும் திணறடிக்கும். ஒன்று இழுவைக் கொக்கி. பல கார்களில் அது தனியாகக் கருவிப்பைக்குள் இருக்கும், பம்பரில் உள்ள மூடியைக் கழற்றித் திருகி மாட்ட வேண்டும். சில கார்களில் மரை எதிர்த்திசையில் இருக்கும். வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். இன்னொன்று, சில கார்களில் பேட்டரி முன்பெட்டிக்குள் இருக்கும், அந்தப் பெட்டியின் பூட்டோ மின்சாரத்தால் திறப்பது. பேட்டரி இறங்கிவிட்டால் எப்படித் திறப்பது? கையேட்டில் அதற்கு வழி எழுதியிருக்கும். கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள்.

எதை எடுத்துக்கொள்வது

உடைமைகளுக்குப் பெட்டி வேண்டாம், துணிப்பை போதும். டிக்கியின் வளைவு நெளிவுகளுக்குள் பெட்டி நுழையாது. திறந்த கூரைக் கார் என்றால், கூரை மடங்கி உட்காரும் இடத்தை விட்டுவிட்டு மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள். எஞ்சின் நடுவில் இருக்கும் கார்களில் பின்பக்க டிக்கி அடுப்படி போலச் சூடாகும். மருந்து, கேமரா, உருகக்கூடிய பண்டம் எதையும் அங்கே வைக்காதீர்கள். முன்பெட்டி இருந்தால் அதில் வையுங்கள்.

ஸ்டெப்னி இல்லாத ஸ்போர்ட்ஸ் கார்கள்தான் இப்போது அதிகம். அதற்குப் பதிலாக ஒட்டுத் திரவமும் சிறு காற்றழுத்தியும் கொடுத்திருப்பார்கள். திரவத்துக்குக் காலாவதித் தேதி உண்டு. ஆணி குத்திய ஓட்டையை அது அடைக்கும், பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. முன்டயரும் பின்டயரும் வேறு வேறு அளவில் உள்ள கார்களில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் மாட்டவும் முடியாது. ஆகவே தாழ்வான காரை ஏற்றும் தட்டைத்தள வண்டி உள்ள மீட்பு உதவியின் எண்ணைக் கைப்பேசியிலும் ஒரு தாளிலும் வைத்திருங்கள். சக்கரப் பூட்டுத் திருகின் சாவி வண்டியில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். போன டயர் மாற்றத்தின்போது பட்டறையிலேயே தங்கிவிட்டிருக்கலாம்.

காற்றழுத்தமானி, டார்ச், எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேற்சட்டை, தண்ணீர், முதலுதவிப் பை, சிறு தீயணைப்பான் இருந்தால் போதும். திறந்த காரில் வருபவர்கள் மேகமூட்டமான நாளிலும் தொப்பியையும் வெயில் களிம்பையும் மறக்க வேண்டாம். காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் வெயில் சுடுவது மாலைவரை தெரியாது.

முந்தின நாள்

டேங்க்கை முழுக்க நிரப்பிவிடுங்கள். பத்து வண்டியும் காலையில் ஒரே பெட்ரோல் பங்க்கில் நின்றால் அரைமணி நேரம் அங்கேயே போய்விடும். உங்கள் டேங்க் சிறியது என்றால் அதை ஏற்பாட்டாளருக்கு முன்பே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எரிபொருள் நிறுத்தங்களைத் தீர்மானிக்க வேண்டியது இருப்பதிலேயே குறைந்த தூரம் ஓடும் வண்டிதான். மலையில் குறைந்த கியரில் ஏறும்போது வழக்கமாகக் கிடைக்கும் தூரம் கிடைக்காது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தைக் கைப்பேசியில் இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள். நல்ல வளைவுகள் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. பாதையை ஒருமுறை விரலால் ஓட்டிப் பாருங்கள். மேலே எவ்வளவு உயரம் போகிறோம் என்றும் பாருங்கள். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2757 மீட்டர் உயரம், அதன் ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே உச்சிக்கு ஏறும் சாதாரண எஞ்சின், கடல்மட்டத்தில் காட்டிய சக்தியில் கால்வாசியை விட்டுவிட்டுத்தான் ஏறுகிறது. வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயப்படாதீர்கள். ஆனால் அந்த உயரத்தில் ஒரு வண்டியைத் தாண்ட நினைத்தால், கீழே எடுத்ததைவிட அதிக நேரம் எடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு தூங்குங்கள். சீக்கிரமாக.

புறப்படும் காலை

சொன்ன நேரத்துக்குக் கால்மணி முன்பே போய்ச் சேருங்கள். விடியற்காலையில் குடியிருப்புகளுக்கு நடுவே கூடுகிறீர்கள் என்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரை முறுக்கிச் சத்தம் காட்டுவதில் நமக்கு மகிழ்ச்சி இருக்கலாம், தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொண்டிருக்கும் தாய்க்கு அது வேதனை. ஒரு ஊர் நம்மை வெறுக்கத் தொடங்கினால் அந்தச் சாலை நமக்குக் கிடைக்காமல் போகும்.

புறப்படும் முன் ஏற்பாட்டாளர் எல்லோரையும் நிறுத்திப் பேசுவார். எத்தனை முறை கேட்டிருந்தாலும் கவனமாகக் கேளுங்கள். முதல் நிறுத்தம் எங்கே, தலைவண்டி எது, கடைவண்டி எது, உங்களுக்கு முன்னால் எந்த வண்டி, பின்னால் எந்த வண்டி என்பது தெரிய வேண்டும். பின்னால் வருபவரிடம் போய்ப் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள், அவர் வண்டியின் முகத்தை, விளக்குகளின் அமைப்பை நன்றாகப் பார்த்து வையுங்கள். நாள் முழுக்க உங்கள் கண்ணாடியில் தேடப்போவது அந்த முகத்தைத்தான். பகலானாலும் எல்லோரும் ஹெட்லைட் போட்டுக்கொள்வதும் இதற்காகத்தான்.

புதியவர் வரிசையில் எங்கே போக வேண்டும்? தலைவண்டிக்கு நேர் பின்னால். கடைசிக்குப் போய் நிம்மதியாக வரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நேர்மாறான விளைவைத் தரும், காரணத்தை அடுத்து சொல்கிறேன். உங்களுடைய வேகம் என்னவோ அதைத் தலைவண்டி கண்ணாடியில் பார்த்துத் தன் வேகத்தை அமைத்துக்கொள்ளும். முதலிரண்டு வண்டி நிதானமானால் முழுக் குழுவும் நிதானமாகிவிடும். இதைக் கேட்டு வாங்குங்கள். நல்ல தலைவர் மறுக்க மாட்டார்.

முதல் பத்துப் பதினைந்து நிமிடம் எஞ்சினை அதிகச் சுழற்சிக்குக் கொண்டுபோகாதீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பமுள் நடுவில் வந்து நின்றுவிட்டாலும் எஞ்சின் ஆயில் அதன் பிறகும் பல நிமிடம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். குளிர்ந்த டயரும் சாலையைச் சரியாகப் பிடிக்காது.

சாலையில்: இடைவெளியும் கண்ணாடியும்

கடைசியில் போகிறவர் ஏன் அவசரப்படுகிறார்? ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி இடைவெளி என்பது ஏறத்தாழ 28 மீட்டர். ஊர் எல்லை முடிந்து முன்வண்டி 90க்கு ஏறிவிட்டால், அதே இரண்டு விநாடி இப்போது 50 மீட்டர். நேரக் கணக்கில் யாரும் பின்தங்கவில்லை. ஆனால் கண்ணுக்கு முன்வண்டி விலகி ஓடுவது போலத் தெரியும். உடனே இவர் ஊர் எல்லைக்குள்ளேயே காலை அழுத்துவார். அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் சற்று முன்பாகவே அழுத்துவார். பத்தாவது வண்டிக்கு வரும்போது, பள்ளிக்கூட வாசலில் 80 கிலோமீட்டர் வேகம் என்று ஆகிவிடும். யாரும் வேண்டுமென்றே செய்ததல்ல.

இதற்கு மருந்து இரண்டு. இடைவெளியை மீட்டரால் அளக்காமல் விநாடியால் அளங்கள். முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது எண்ணத் தொடங்கி, நீங்கள் அதே கம்பத்துக்கு வரும்போது குறைந்தது இரண்டு விநாடியாவது ஆகியிருக்க வேண்டும். நான் மூன்று வைத்துக்கொள்வேன், முன்வண்டியின் டயர் தெறிக்கவிடும் கல்லிலிருந்து கண்ணாடியும் பானெட்டும் தப்பிக்கும். மழையில் நான்கு. தலைவண்டி ஓட்டுபவர் வேக எல்லை முடிந்த உடனே பாயாமல், கடைசி வண்டியும் வெளியே வரும்வரை மெதுவாகப் போவது இரண்டாவது மருந்து.

இனி இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். சாலை பிரியும் இடத்தில் நீங்கள் திரும்பினால், பின்னால் வரும் வண்டி நீங்கள் திரும்புவதைப் பார்க்கும்வரை பாதுகாப்பான ஓரத்தில் நில்லுங்கள். அவர் பார்த்துவிட்டார் என்று உறுதியானபின் கிளம்புங்கள். நேராகப் போகும் இடத்தில் நிற்கத் தேவையில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை நினைத்து இன்றுவரை வியக்கிறேன். ஏழாவது வண்டிக்குப் பங்க்சர் ஆகிவிட்டது என்று வையுங்கள். பின்னால் வரும் எட்டாவதும் கடைவண்டியும் உதவிக்கு நிற்கும். ஆறாவது வண்டி அடுத்த திருப்பத்தில் காத்திருக்கும், யாரும் வராததால் அங்கேயே நிற்கும். அதைக் காணாமல் ஐந்தாவது தன் திருப்பத்தில் நிற்கும். இப்படியே ஒவ்வொன்றாகச் செய்தி முன்னோக்கிப் போய்த் தலைவண்டியும் நின்றுவிடும். கைப்பேசி வேண்டாம், சிக்னல் வேண்டாம், யாரும் யாரையும் துரத்தவும் வேண்டாம். முன்வண்டி கண்ணிலிருந்து மறைந்தாலும் அடுத்த திருப்பத்தில் எனக்காக அவர் நின்றிருப்பார் என்ற நம்பிக்கை இருந்தால், உங்கள் கால் தானாகவே இலகுவாகும். ஒருவர் மட்டும் நிற்காமல் போய்விட்டால் சங்கிலி அறுந்துவிடும். நான் போன ஒரு பயணத்தில் அப்படித்தான் மூன்று வண்டிகள் வேறு பள்ளத்தாக்குக்கே இறங்கிப்போய், மாலையில்தான் வந்து சேர்ந்தன.

முந்துவதைப் பொறுத்தவரை ஒவ்வொருவரும் தனித்தனி. 50இல் போகும் லாரியை 80இல் தாண்டுகிறீர்கள் என்றால் வித்தியாசம் விநாடிக்கு 8 மீட்டர் சொச்சம்தான். லாரியின் நீளத்தோடு முன்னும் பின்னும் விட வேண்டிய இடத்தையும் சேர்த்து 60 மீட்டர் என்று கொண்டால், ஏழு விநாடிக்கு மேல் எதிர்த்தடத்தில் இருப்பீர்கள். அதற்குள் நீங்கள் 150 மீட்டருக்கு மேல் ஓடியிருப்பீர்கள். எதிரே 80இல் ஒருவர் வந்தால் அவரும் அவ்வளவு தூரம் ஓடிவந்திருப்பார். ஆக, 300 மீட்டருக்கு மேல் வெறிச்சோடிய சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்வண்டி தாண்டத் தொடங்கியபோது இருந்த 300 மீட்டர் உங்களுக்கு இருக்காது. தாண்டி முடித்தவர் லாரிக்கு முன்னால் உடனே வேகம் குறைக்காமல் சற்றுத் தள்ளிப் போய், அடுத்தவருக்கு இடம் விட வேண்டும்.

வாக்கி-டாக்கி வைத்திருக்கும் குழுக்களில் ஒரு பழக்கம் உண்டு. தாண்டிப் போனவர் "வழி காலி, வா" என்று பின்னால் இருப்பவரைக் கூப்பிடுவார். அன்போடுதான் சொல்கிறார், ஆனாலும் கேட்காதீர்கள். அவர் சொல்லி நீங்கள் கிளம்புவதற்குள் வளைவிலிருந்து ஒரு வண்டி வெளிப்பட்டிருக்கும். பள்ளம், மாடு, சிந்திய எண்ணெய், எதிரே அகலமான வண்டி என்று எச்சரிக்க மட்டும் வாக்கி-டாக்கி இருக்கட்டும், அதைக் கையில் பிடிப்பதும் பக்கத்து இருக்கைக்காரராகவே இருக்கட்டும்.

வளைவுகள்

வளைவில் எவ்வளவு வேகம் சரி என்று வேகமானி சொல்லாது, சாலையே சொல்லும். முன்னால் பாருங்கள். சாலையின் இடது விளிம்பும் வலது விளிம்பும் ஒன்று சேர்வது போலத் தெரியும் ஒரு புள்ளி இருக்கும். அதற்கு அப்பால் உங்களுக்கு எதுவும் தெரியாது. அந்தப் புள்ளி உங்களை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறையுங்கள். நீங்கள் போகும் வேகத்திலேயே விலகிச் சென்றால் இப்போதைய வேகம் சரி. உங்களைவிட வேகமாக ஓடினால் வளைவு திறக்கிறது, மெல்ல ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்கலாம். கண் முன்வண்டியின் பின்விளக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் இதில் எதுவும் தெரியாமல் போகும். எந்த நேரத்திலும், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகம்தான் உச்ச வேகம். 80இலிருந்து 100க்கு ஏறும்போது வேகம் நான்கில் ஒரு பங்குதான் கூடுகிறது, பிரேக் அடக்க வேண்டிய ஆற்றலோ ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

பிரேக்கும் கியர் மாற்றமும் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். நடுவளைவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் வண்டியின் எடை முன்பக்கம் பாயும், பின்டயர்களின் பிடி தளரும். எஞ்சின் பின்னால் இருக்கும் கார்களில் பின்பக்கம் சுழன்று முன்னே வரப் பார்க்கும். மெதுவாக உள்ளே போனவருக்கு இந்தப் பயமே வராது. சக்கரம் வழுக்காமல் தடுக்கும் இழுவைக் கட்டுப்பாட்டை அணைக்காதீர்கள். அந்தப் பொத்தானை அணைத்துப் பழக மூடிய தடங்கள் இருக்கின்றன.

மேலே ஏறும்போது போட்ட கியரிலேயே இறக்கத்திலும் இறங்குங்கள். பிரேக்கை லேசாக வைத்துத் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்திக் குறைத்து, முழுவதும் விட்டுவிடுங்கள். கருகும் வாடை வந்தாலோ மிதிகட்டை ஆழமாகப் போனாலோ வெட்கப்படாமல் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்குங்கள். முடிந்தால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிக் காற்றில் ஆறவிட்டு நிறுத்துங்கள். நின்றபின் காலை பிரேக்கிலேயே அழுத்தி வைத்திருக்க வேண்டாம், கியரில் விட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டர்போ வண்டி என்றால் கடும் ஓட்டத்துக்குப் பிறகு ஒரு நிமிடமாவது எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு அணையுங்கள், இல்லாவிட்டால் டர்போவுக்குள் தேங்கிய எண்ணெய் சூட்டில் கருகும்.

பின்னால் அவசரமாக ஒருவர் வந்தால், அவர் நம் குழுவாக இருந்தாலும் வெளி ஆளாக இருந்தாலும், இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிடுங்கள். நம் வண்டிக்குச் சக்தி இருக்கிறதே என்று அவரை விடாமல் ஓட்டுவது நம் எல்லோருக்கும் கெட்ட பெயர்.

ஏதாவது நேர்ந்தால்

ஹசார்ட் விளக்கைப் போட்டு, சாலையைவிட்டு முடிந்தவரை ஒதுங்கி, வண்டியிலிருந்து இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். உதவிக்குக் கடைவண்டியும் இன்னொரு வண்டியும் நின்றால் போதும். எட்டு வண்டியும் வளைவில் வரிசையாக நின்றால் அடுத்த விபத்துக்கு நாமே வழிசெய்தவர்கள் ஆவோம். முக்கோணத்தை வண்டிக்குப் பக்கத்தில் வைக்காமல், வளைவுக்கு முன்பாக, வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் முதல் அழைப்பு அவசர உதவிக்கு. இருக்கும் இடத்தைக் கிலோமீட்டர் கல்லைப் பார்த்தோ வரைபடத்தைப் பார்த்தோ சொல்லுங்கள்.

இரண்டாம் நாள்

சனிக்கிழமை இரவு பேச்சு நீளும். குடிப்பவர்கள் காலையில் தெளிந்துவிட்டதாக உணர்ந்தாலும் உடம்பில் மிச்சம் இருக்கும், அப்படிப்பட்டவர் சாவியை எடுக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

காலையில் டயரையும் எஞ்சின் ஆயிலையும் மறுபடி பாருங்கள், வண்டிக்கு அடியில் சொட்டு ஏதும் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். முதல் நாளைவிட இரண்டாம் நாளில்தான் கவனம் நழுவும். உடம்பு அசந்திருக்கும், வண்டியோ பழகிவிட்டது போலத் தோன்றும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிக் கால்நீட்டுங்கள். திரும்பும் வழியில் ஒவ்வொருவராகப் பிரிந்து போவார்கள். சொல்லாமல் பிரிய வேண்டாம். எந்த இடத்தில் விலகப் போகிறீர்கள் என்பதைப் பின்னால் வருபவருக்கு முந்தைய நிறுத்தத்திலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவரும் உங்கள் பின்னாலேயே வந்துவிடுவார்.

வீடு சேர்ந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், குழுவுக்கு ஒரு வரி அனுப்புங்கள். கடைவண்டி ஓட்டியவர் கையில் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உங்கள் பெயருக்கு நேரே குறி போட்ட பிறகுதான் அவர் படுக்கப் போவார்.